திகில் நாவலைத் திரைக்குக் கொண்டுவருதல்: அச்சம் குடியிருக்கும் இடத்தைத் தேடும் வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சூடடிக்கும் காலத்தில் களத்துக்கென்றே ஒரு பேச்சு வழக்கு இருந்தது. அங்கே நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், பொலி என்பார்கள். அன்றாடம் புழங்கும் வேறு பொருள்களுக்கும் களத்தில் தனிப் பெயர்கள் வழங்கின. உள்ள பெயரைச் சொன்னால் சுற்றி நிற்கும் பூதங்களின் காதில் விழும், விழுந்தால் அவை விளைச்சலை அள்ளிச் சென்றுவிடும் என்பது நம்பிக்கை. அந்தப் பூதத்தை எவரும் கண்டதில்லை. ஆயினும் உழைத்து உரமேறிய வேளாண்மைக்காரர்கள் நடுச்சாமத்தில் தம் நாவை அடக்கிக்கொண்டு வேலை செய்தார்கள். இக்களத்தைப் படம்பிடிக்க வருபவர் பூதத்துக்கு வேடம் கட்டி நிறுத்தினால் தோற்பார். ஒரு சிறுவன் வாய்தவறி "நெல்" என்று சொல்லிவிட, சூடடிப்பவர்கள் அத்தனை பேரும் ஒரு கணம் கையோய்ந்து நிற்பதைக் காட்டுபவர் வெல்வார்.

ஒரு திகில் நாவலையோ சிறுகதையையோ எடுத்துக் குறும்படமாகவோ முழுநீளப் படமாகவோ ஆக்க விரும்பும் நம் பகுதி இளைஞர்களை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். உலகெங்கும் எடுக்கப்பட்ட இத்தகைய படங்களை நாவல்களோடு பக்கத்தில் வைத்துப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்ததில் நான் கண்ட முடிபு ஒன்றே. நாவலின் நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துச் செல்பவர் பெரும்பாலும் தோற்கிறார். அச்சம் அந்த நாவலில் எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்குத் திரையில் வேறொரு குடியிருப்பை அமைத்துக் கொடுப்பவர் வெல்கிறார்.

முதற் படி: மூன்று முறை வாசித்தல்

முதல் வாசிப்பு இரவில், தனியே, குறிப்பெடுக்காமல் நடக்கட்டும். இரண்டாம் வாசிப்பில் பென்சிலோடு அமர்ந்து, முதன்முறை உங்களுக்கு உடல் சிலிர்த்த இடங்களை மட்டும் அடையாளமிடுங்கள். மூன்றாம் முறை அந்த இடங்களுக்கு மாத்திரம் திரும்பிச் சென்று, சிலிர்ப்பு எதனால் வந்தது என்று வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பாருங்கள். நடந்த செயலால் வந்ததா, சொல்பவரின் குரலால் வந்ததா, ஒரு பாத்திரம் அறிந்ததை மற்றது அறியாததால் வந்ததா, இடத்தின் தன்மையால் வந்ததா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை திரைக்கதையில் ஒரு வரிகூட எழுதவேண்டாம்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததன் விலையை நான் அறிவேன். பல ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு சேர்ந்து, எழுதியவரின் அனுமதி பெற்று, ஒரு கதையைக் குறும்படமாக்கினோம். வளவுக் கிணற்றில் விழுந்து இறந்த மகள் இரவில் திரும்பி வருவது கதை. கிணற்றுக்குள்ளிருந்து ஈரக் கூந்தலோடு எழும் பெண்ணைக் காட்டுவதற்கே எங்கள் உழைப்பில் பாதி போனது. திரையிட்ட அன்று சபை சிரித்தது. பிறகு கதையை மறுபடியும் எடுத்து வாசித்தபோதுதான், எல்லோரையும் உலுக்கிய இடம் கிணறே அல்ல என்பது புரிந்தது. இராச்சாப்பாட்டின்போது தாய் ஒன்றும் பேசாமல் ஒரு கோப்பையில் சோறு அதிகமாகப் போட்டு வைக்கிறாள். காலையில் அது கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை நாங்கள் படத்தில் வைக்கவேயில்லை.

புதுமைப்பித்தனின் "காஞ்சனை"யை இந்த வாசிப்புக்கு நல்ல பயிற்சியாகக் கொள்ளலாம். அதன் அச்சத்தில் பெரும்பங்கு இரவில் திடீரென எழும் பிண வாடையில் இருக்கிறது, திரையோ மணக்காது. மேலும் கதையைச் சொல்பவர் தாமே எழுத்தாளர், பேய்களை எளிதில் நம்பாதவர். அவருடைய பகுத்தறிவு சிறிது சிறிதாகக் கழன்று போவதே கதை. ஆகவே அதை எடுப்பவர் வாடைக்காகப் புகையைக் கிளப்பத் தேவையில்லை. பக்கத்தில் மனைவி அயர்ந்து தூங்க, கணவர் மட்டும் எழுந்து உட்கார்ந்து மூக்கை உறிஞ்சி, தாம் உணர்வதைத் தாமே மறுக்க முயலும் முகத்தை நெடுநேரம் காட்டினால் போதும் என்பது என் எண்ணம்.

இரண்டாம் படி: எதைப்பற்றிய அச்சம் என்று எழுதிக்கொள்ளுதல்

பேய் என்பது மேற்போர்வை. அதன் அடியில் ஒரு மனித அச்சம் இருக்கும். அதை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இதில் இயக்குநரும் நாவலாசிரியரும் வேறுபட்டால் என்ன நேரும் என்பதற்கு "தி ஷைனிங்" போல் விளக்கமான எடுத்துக்காட்டு வேறில்லை என்பதால் அதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும்.

ஸ்டீபன் கிங் அந்நாவலை 1977இல் வெளியிட்டார். அதில் வரும் ஜாக், குடிவெறியில் மகனின் கையை முறித்து, பின் குடியை விட்டு, மாணவன் ஒருவனைக் கோபத்தில் அடித்ததால் வேலையிழந்து, குளிர்காலம் முழுவதும் பனியால் துண்டிக்கப்படும் ஒரு மலை விடுதிக்குக் காவலாளியாகக் குடும்பத்தோடு வருகிறான். அவன் மகனை நேசிப்பவன். அந்த நேசத்தை விடுதி மெல்ல மெல்ல அரித்துத் தின்பதே நாவலின் அச்சம். அதனால்தான் இறுதியில் ஒரு நொடி அவன் தன்னிலை பெற்று மகனை ஓடச் சொல்கிறான். கவனிக்கப்படாத கொதிகலன் வெடித்து விடுதி எரிகிறது. 1980இல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படத்தில் ஜாக் தொடக்கத்திலேயே நடுக்கம் தருபவனாக இருக்கிறான். நாவலில் செடிகளை வெட்டி உருவாக்கிய விலங்குகள் அசையும்; படத்தில் அவை இல்லை, அவற்றின் இடத்தில் செடிச்சுவர்களால் ஆன சிக்கற்பாதை இருக்கிறது. நாவல் நெருப்பில் முடிய, படம் பனியில் உறைந்து முடிகிறது. கிங்குக்கு இப்படம் பிடிக்கவில்லை என்பதை அவர் பலமுறை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 1997இல் தாமே திரைக்கதை எழுதி, நாவலை ஒட்டி, மூன்று பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக அது வெளிவர வழிசெய்தார். அத்தொடரில் செடி விலங்குகளும் அசைந்தன. ஆனால் இன்றும் மக்கள் நினைவில் நிற்பது குப்ரிக்கின் நீண்ட நடைக்கூடங்களே.

நாவலை மீறினால் வெற்றி என்று இதிலிருந்து கொள்வது பிழை. கிங்கின் குறையில் நியாயம் உண்டு. அன்புள்ள தந்தை கெட்டுப்போவதன் துயரம் அப்படத்தில் இல்லைதான். ஆனால் குப்ரிக் அதை எடுத்துவிட்டு வெறுமையாக விடவில்லை. அவர் வேறோர் அச்சத்தைத் தெரிந்தெடுத்தார், மனிதரை விழுங்கும் கட்டடத்தின் அச்சத்தை. விளக்கொளி, நடை, கமெரா நகர்வு அனைத்தையும் அந்த ஒன்றுக்கே ஒப்புக்கொடுத்தார். தொலைக்காட்சித் தொடரோ நாவலின் நிகழ்ச்சிகளைக் காப்பாற்றியது. ஆனால் எழுத்தில் ஓரக்கண்ணில் அசைந்த விலங்குகள் திரையில் நேருக்கு நேர் வந்து நின்றபோது அவற்றின் வலு போய்விட்டது. உங்கள் சுவரில் ஒட்டிய வாக்கியம் நாவலாசிரியரின் வாக்கியமாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கவேண்டும், படத்தின் ஒவ்வொரு காட்சியும் அதற்குப் பணியவேண்டும்.

மூன்றாம் படி: யாருடைய கண்ணால் பார்ப்பது

நாவலுக்கு ஒரு வசதி உண்டு. எவருடைய மனத்துக்குள்ளும் அது நுழையலாம். கமெரா வெளியே நிற்கும். எனவே மனத்துள் நிகழும் அச்சத்தை வெளியே கொண்டுவர, பார்வையாளர் யாரோடு சேர்ந்து நடக்கவேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

ராபர்ட் ப்ளோக் 1959இல் எழுதிய "சைக்கோ" வழியோர விடுதி நடத்தும் நார்மன் என்ற பாத்திரத்தோடு தொடங்குகிறது. அவன் நடுவயதினன், பருத்தவன், குடிப்பவன். மறு ஆண்டே ஹிட்ச்கொக் எடுத்த படத்தில் திரைக்கதை எழுதிய ஜோசப் ஸ்டெஃபானோ, பணத்தைத் திருடிக்கொண்டு ஓடும் பெண்ணோடு நம்மை நடக்க வைத்தார். நார்மனை இளைஞனாகவும் கூச்சமுள்ளவனாகவும் இரங்கத்தக்கவனாகவும் மாற்றினார். யாரை நம் கதைநாயகி என்று நம்பினோமோ அவள் பாதிவழியில் கொல்லப்பட, பற்றிக்கொள்ள வேறு ஆளின்றி நாம் நார்மனின் பக்கமே சாய்கிறோம். கதை அதே கதைதான். பார்ப்பவர் நிற்கும் இடம் மாறியது, அவ்வளவே.

இதற்கு மாறாக, ஹென்றி ஜேம்ஸின் "தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ" என்ற 1898ஆம் ஆண்டுக் குறுநாவலில், குழந்தைகளைப் பார்க்க வந்த பெண் காண்பது ஆவியா, அவளுடைய மனக் கலக்கமா என்பது இறுதிவரை தீராது. அதை "தி இன்னசென்ட்ஸ்" என்ற பெயரில் 1961இல் ஜாக் கிளேட்டன் படமாக்கியபோது, ஆவிகளைத் தெளிவாகவே காட்டினார். ஆனால் பெரும்பாலும் அவளுடைய முகத்தை முதலில் காட்டி, அதன்பின்னரே அவள் கண்டதைக் காட்டினார். அந்த வரிசையே ஐயத்தைக் காப்பாற்றியது.

நான்காம் படி: வெட்டுதல்

திரைக்கதையின் ஒரு பக்கம் ஏறத்தாழத் திரையில் ஒரு நிமிடம் என்பது பொதுவான கணக்கு. நானூறு பக்க நாவல் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்குள் புகாது. பீட்டர் பெஞ்ச்லியின் "ஜோஸ்" நாவலில் பொலிஸ் தலைவரின் மனைவிக்கும் கடலியல் ஆய்வாளருக்குமிடையே ஒரு கள்ள உறவும், நகரபிதாவுக்குப் பின்னாலுள்ள குற்றக் கும்பலின் கதையும் உண்டு. 1975ஆம் ஆண்டுப் படத்தில் இரண்டும் இல்லை. மூன்று மனிதர், ஒரு படகு, ஒரு சுறா என்று கதை இறுகியது. கிங்கின் "இட்" ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் சிறுவர் காலத்தையும் வளர்ந்த காலத்தையும் மாற்றி மாற்றிப் பின்னுகிறது. 2017ஆம் ஆண்டுப் படம் சிறுவர் கதையை மட்டும் தனியே எடுத்ததால் நின்றது. வளர்ந்தவர்களின் கதையைச் சொன்ன 2019ஆம் ஆண்டுப் படம் அத்தனை வலுவாக அமையவில்லை என்பது என் கருத்து.

வெட்ட மனம் வராவிட்டால் வடிவத்தை மாற்றலாம். இந்திரா சௌந்தர்ராஜனின் "விட்டு விடு கருப்பா" நாவல் இயக்குநர் நாகாவின் கையில் "விடாது கருப்பு" என்ற தொலைக்காட்சித் தொடராக வந்து, ஊர், கோயில், குடும்பம், பழிவாங்கல் என எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது. அதையே இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கியிருந்தால் ஊர் செத்திருக்கும்.

சிறுகதைக்கு எதிர்ச் சிக்கல் வரும். வைக்கம் முகம்மது பஷீரின் "நீலவெளிச்சம்" ஒரு வீட்டுக்குள், ஓர் எழுத்தாளரும் அவர் பேசிக்கொண்டிருக்கும் கண்காணாப் பெண்ணுமாக முடிந்துவிடும். எண்ணெய் தீர்ந்து விளக்கணைந்த அறையை அவர் திரும்பி வந்து பார்க்கும்போது நீல ஒளி நிறைந்திருக்கிறது. 1964இல் வின்சென்ட் இயக்கிய "பார்கவி நிலயம்" படத்துக்குப் பஷீரே திரைக்கதை எழுதி, அப்பெண்ணின் காதலையும் கொலையையும் வரலாறாகச் சேர்த்தார். படம் மலையாளத்தின் பெருஞ்சாதனைகளில் ஒன்று. ஆனாலும் காரணம் சொல்லப்பட்ட அந்த நீலத்தைவிடக் காரணம் சொல்லப்படாத நீலமே எனக்கு இன்னும் ஆழமானதாகத் தோன்றுகிறது. சேர்க்கும் ஒவ்வொரு விளக்கமும் அச்சத்திலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது என்பதை அறிந்தே சேர்க்கவேண்டும்.

ஐந்தாம் படி: காட்டுவதும் காட்டாததும்

ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய "தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்" என்ற பேய்வீட்டு நாவலை ராபர்ட் வைஸ் 1963இல் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பேய் அதில் ஒருமுறைகூடத் தோன்றுவதில்லை. கதவு உள்நோக்கிப் புடைக்கிறது. சுவருக்கு அப்பால் இடி போன்ற தட்டல் கேட்கிறது. இருட்டில் தோழியின் கையை இறுகப் பற்றியிருந்ததாக நினைத்தவள், விளக்கு வந்ததும் தோழி தூரத்துக் கட்டிலில் இருப்பதைக் காண்கிறாள். அதே நாவலை 1999இல் மறுபடி எடுத்தபோது கணினி வரைகலையால் சிலைகளும் சுவர்களும் உயிர்பெற்று ஆடின. பணம் நிறையச் செலவாயிற்று, பயம் வரவில்லை.

காட்டவே கூடாது என்பதும் விதியல்ல. கோஜி சுசுகியின் "ரிங்" நாவலில் சடாகோ என்ற பெண்ணின் ஆவி தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து ஊர்ந்து வரும் காட்சி கிடையாது. 1998ஆம் ஆண்டுப் படத்தில் ஹிடேயோ நகாட்டா அதைப் புதிதாக அமைத்தார். அது வென்றதற்குக் காரணம், படம் முழுவதும் அவள் திரைக்குள்ளே இருந்தாள், பார்ப்பவர் வெளியே பாதுகாப்பாக இருந்தோம். அந்த எல்லையை ஒரேயொரு முறை, இறுதியில், அவள் கடந்தாள். காட்டுவதானால் ஒருமுறை காட்டுங்கள், அதற்குரிய வேளை வரும்வரை பொறுத்திருங்கள். "ஜோஸ்" படத்தின் இயந்திரச் சுறா உப்புநீரில் அடிக்கடி பழுதாகியதால்தான் ஸ்பீல்பேர்க் அதை மறைத்து, மிதக்கும் பீப்பாய்களையும் இசையையும் கொண்டு சமாளித்தார். கையில் பணமில்லாத நமக்கு அந்தப் பழுது பெரும் ஆறுதல்.

ஒலியைப் படத்தொகுப்பின்போது கடைசியில் ஒட்டும் பொருளாக எண்ணாதீர்கள். மட்டக்களப்பு வாவியில் தோணித் துடுப்பை நீருக்குள் விட்டு, மேல் முனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்கும் வழக்கம் கல்லடிப் பாலத்தடியில் உண்டு. எங்கிருந்து வருகிறது என்று கைகாட்ட முடியாத ஒலி எவ்வளவு தூரம் மனத்தை இழுக்கும் என்பதை அங்கே போய்க் கேட்டு வாருங்கள். கச்சான் காற்றில் அடித்துக்கொள்ளும் தகரப் படலை, மின்வெட்டில் திடீரென நின்றுபோகும் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் ஆகியவற்றைத் தனியே பதிவுசெய்து வையுங்கள்.

ஆறாம் படி: நம் மண்ணுக்கு மாற்றுதல்

வெளிநாட்டு நாவலொன்றைத் தழுவும்போது பொருளை மாற்றாதீர்கள், அது செய்யும் வேலையை மாற்றுங்கள். பனி மூடிய விடுதியின் வேலை என்ன? வெளியேற வழியில்லாமல் செய்வது. மாரி வெள்ளத்தில் பாதைகள் மூழ்கித் துண்டுபட்டு நிற்கும், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் ஊர் ஒன்று, அல்லது நாலாபுறமும் நீர் சூழ்ந்த வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், நிற்கும் காவல் வாடி, அதே வேலையைச் செய்யும். "எக்ஸோர்சிஸ்ட்" நாவலை எழுதிய பிளாட்டி, 1973இல் வில்லியம் ஃப்ரீட்கின் எடுத்த படத்துக்கும் தாமே திரைக்கதை எழுதினார். அதில் பேய் பிடித்த மகளுக்காக மதகுருவை அழைக்கும் முன் தாய் மருத்துவர் ஒருவர்விடாமல் ஏறி இறங்குகிறாள். அந்தச் சோதனைகளே நம்மைத் தளர்த்திப் பின்வருவதை நம்ப வைக்கின்றன. நம் ஊரிலும் ஒரு குடும்பம் ஆஸ்பத்திரிக்குப் போய், நாட்டு வைத்தியரான பரிகாரியிடம் போய், எல்லாம் கைவிட்ட பின்னரே பேயோட்டும் கட்டாடியாரின் படலையைத் திறக்கும். அந்த வரிசையைச் சுருக்கினால் கதை பொய்யாகும். கட்டாடியாரைக் கோமாளியாக்கினாலும் பொய்யாகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று நாவலடி முதல் திருக்கோவில் வரை கடல் கொண்டுபோனவர்களின் வீட்டார் நம்மோடு வாழ்கிறார்கள். போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்னும் படலையைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். திரும்பி வருதல் என்பது அவர்களுக்குப் பேய்க்கதை அல்ல, பிரார்த்தனை. அலையையும் புதைகுழியையும் அலறலுக்கான கருவியாக எடுத்தாளும் படம் எவ்வளவு திறமையாக எடுக்கப்பட்டாலும் நான் அதன் பக்கம் நிற்கமாட்டேன். அந்தத் துயரத்தைத் தொடத்தான் வேண்டுமென்றால், இரண்டாம் படியில் எழுதிய வாக்கியம் அத்துயரத்தைப் பற்றியதாகவே இருக்கட்டும். திரைக்கதையை முதலில் அவர்களுள் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: முடிவும் உரிமையும்

நாவலின் முடிவு வாசகர் மனத்தில் தொங்கி நிற்கலாம். அரங்கில் அது அறுந்து விழக்கூடும். கிங்கின் "தி மிஸ்ட்" குறுநாவல், பனிமூட்டத்துக்குள் வாகனம் ஓட்டிச் செல்பவர்களின் மெல்லிய நம்பிக்கையோடு நிற்கிறது. 2007இல் ஃப்ராங்க் டரபொன்ட் அதைத் தாங்கமுடியாத ஒரு செயலாக மாற்றினார்: தப்ப வழியில்லை என்று நம்பிய தந்தை, மகனையும் உடனிருந்தவர்களையும் தன் கையாலேயே கொல்கிறான், கொன்று முடித்த சில நிமிடங்களில் உதவி வந்து சேர்கிறது. கிங் அம்முடிவைப் பாராட்டினார். நம்பிக்கை இழத்தலே பெரும் பேய் என்ற கரு நாவலிலேயே இருந்தது. டரபொன்ட் அதைக் கடைசிவரை கொண்டு சென்றார். மாற்றும் முடிவு கதைக்குள்ளிருந்து முளைத்ததா, வெளியிலிருந்து ஒட்டியதா என்று மட்டும் பாருங்கள்.

உரிமை பற்றிச் சுருக்கமாக: இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பின் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். அதற்குட்பட்ட கதையானால் எழுத்தில் அனுமதி பெறாமல் ஒரு காட்சியும் எடுக்காதீர்கள். பெயரை மாற்றினால் தப்பலாம் என்றும் எண்ணவேண்டாம். "டிராகுலா"வை அனுமதியின்றித் தழுவி 1922இல் வந்த "நொஸ்ஃபெராட்டு" பாத்திரப் பெயர்களை மாற்றித்தான் பார்த்தது. பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்து வென்றார், பிரதிகளை அழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கோ எஞ்சிய பிரதிகளால்தான் இன்று அப்படம் இருக்கிறது.

எட்டாம் படி: கமெராவுக்கு முன் வாய்

திரைக்கதை முடிந்ததும் அதை மூடி வைத்துவிட்டு, கதையை நாவலே வாசித்திராத நாலு பேருக்கு, பொழுதுபட்ட பிறகு, விளக்கைத் தணித்து வாயால் சொல்லுங்கள். வயற்காவலுக்குப் போய் வாடியில் இரவு கழித்தவர் ஒருவர் அந்த நால்வரில் இருந்தால் நல்லது; அவரை எளிதில் பயமுறுத்த முடியாது. எந்த இடத்தில் கைபேசியை எடுத்தார்கள், எந்த இடத்தில் ஒருவர் அறியாமலே திரும்பிக் கதவைப் பார்த்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அக்குறிப்பை இரண்டாம் வாசிப்பில் நீங்கள் பென்சிலால் இட்ட அடையாளங்களோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாத இடங்களைத் திருத்திவிட்டு, வேறு நாலு பேரைக் கூட்டி மறுபடியும் சொல்லுங்கள். கதவைத் திரும்பிப் பார்ப்பவர் ஒருவருமில்லை என்றால், கமெராவை வாடகைக்கு எடுக்கும் நாளைத் தள்ளிப்போட்டு, முதற் படிக்குத் திரும்புங்கள்.